சுவருக்குள் போகும் குழாய் யாருடையது?

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. லேப் கோட்டை இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்து மாட்டிக்கொண்டு ஓட்டம். திண்டிவனத்தில் பாசஞ்சரைப் பிடித்து விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர்.

சமையலறைச் சுவரில் ஈரம் இன்னும் ஒரு முழம் ஏறியிருக்கிறது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக. மழை ஈரம் இல்லை, கோடையிலும் இருந்ததுதான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து எல்லா வீட்டுக்கும் இறங்கும் பெரிய குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது. அது எங்கோ கசிகிறது. பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். எங்கள் வீட்டுவசதிச் சங்கத்தின் செக்ரட்டரிக்கு மட்டும் தெரியாது.

(இனி வெறும் செ. முழுப்பெயர் எழுதி மையை வீணாக்க மாட்டேன். எனக்கு நேர் மேல்வீட்டில்தான் இருக்கிறார்.)

சாயங்காலம் படிக்கட்டில் மடக்கினேன்.

"வீட்டுக்குள்ள இருக்கிற செவுரு உங்குளுது மேடம். சங்கம் வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கும், படிக்கட்டு, மோட்டார் பாத்துக்கும். அவ்ளோதான்."

"குழாய் எல்லா வீட்டுக்கும் போவுதே சார்?"

"போவட்டுமே. இருக்கிறது உங்க செவுத்துலதானே?"

உள்பூச்சு என்னுடையது. வெளிப்பூச்சு சங்கத்துடையது. நடுவில் இருக்கிற செங்கல் யாருடையது? அனாதையா?

வாங்க: பால், கொசுவத்தி, கடலை மாவு, குடைக்குக் கம்பி.

நவம்பர் 13, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். தலைவலி.

கீழ்வீட்டு பத்மா அக்கா வந்தார். செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். அவர் வீட்டுக்காரருக்கு வேர்க்கடலை வியாபாரம், எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. அதிர்ந்து பேசாத மனுஷி. இன்று முகம் வேறு மாதிரி.

"லதா, உங்கூட்டுத் தண்ணி எங்க சமையல்கட்டுல எறங்குது. சுவிட்ச் போர்டு பக்கமே வழிஞ்சிக்கினு இருக்குது."

"எங்க வீட்டுத் தண்ணி இல்லக்கா. அது மெயின் குழாய்."

"செக்ரட்டரி அப்படிச் சொல்லலியே. நீதான் ரிப்பேர் பண்ணாம இழுத்தடிக்கிறேன்னாரு."

அப்படியா சேதி. என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. கோபத்தில் அக்காவிடமே கத்திவிட்டேன். இறங்கிப் போனார். கத்த வேண்டிய ஆள் மேலே சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் எனக்குக் கேட்டது.

நவம்பர் 15, சனி

மதியம் பிளம்பர். சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"மெயின் லைனுங்க. செக்ரட்டரி சொல்லாம கை வெச்சா அப்புறம் என்னை உள்ளயே உட மாட்டாரு."

டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் விதைக்கடையிலிருந்து வந்து சாவகாசமாகச் சொல்கிறார்: "நாமளே பண்ணிக்கினு போலாம் உடு. எதுக்கு பேஜாரு?"

"இன்னிக்கு இத நாம செஞ்சா, நாளைக்கு லைன்ல எது ஒடைஞ்சாலும் நம்ம தலையிலதான். தெரியுதா?"

தெரிகிறதாம். தெரிந்துதான் சொன்னாராம். ராத்திரிக்குத் தோசை மாவு இருந்தது. சுடவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் கீழே 'தொப்'பென்று சத்தம், பாத்திரம் உருண்ட சத்தம். ஓடினேன். பத்மா அக்கா தரையில். மிக்சி சுவிட்சைத் தொட்டதும் ஷாக் அடித்துத் தூக்கி எறிந்திருக்கிறது. போர்டு முழுக்க ஈரம். முதலில் மெயின் சுவிட்சை அணைத்தேன். அவர் வீட்டுக்காரர் அலறிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு அக்கா முனகினார்: "சட்னிக்குத்தான் லதா... மல்லாட்டை வறுத்து வெச்சிருந்தேன்..."

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை. விரல் நுனிகள் கருகியிருந்தன. முழங்கையில் தையல்.

திரும்பி வந்தால் கேட்டருகே செ., கையில் பேப்பர். "ஈரக் கையோட தொட்டிருப்பாங்க. வயரிங் எல்லாம் வீட்டுக்காரங்க பொறுப்பு மேடம்."

நேராக மொட்டைமாடிக்குப் போனேன். இறங்கும் குழாயின் வால்வை முழுக்க மூடினேன். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் கதவு தட்டல். பாதிக் குடியிருப்பே படிக்கட்டில். முன்னால் செ., தலையில் ஷாம்பு நுரை காய்ந்துபோய்.

"யாரைக் கேட்டு மூடினீங்க?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, என் செவுத்துல இருக்கிறது என்னுதுன்னு. என் குழாயை நான் மூடினேன்."

"குழந்தைங்க இருக்கிற எடம்மா இது! சாவி குடு!"

மேடம் போய் அம்மா ஆகிவிட்டேன். இவர் உள்ளிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பத்மா அக்கா ஏறி வந்தார். கையில் கட்டு. ஜைன வழக்கப்படி இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு அது, உடனே சமைக்கத் தண்ணீர் வேண்டும். அவர் கேட்டால் கொடுத்துவிட்டிருப்பேன்.

"குடுக்காத லதா" என்றார். "நான் பக்கத்துத் தெருவுல போய் எடுத்துக்கறேன். கொழா சரியாவட்டும், அப்புறம் தொற."

கூட்டம் மெல்ல செ. பக்கம் திரும்பியது.

நவம்பர் 17, திங்கள்

லீவு. மழை மறுபடி. படிக்கட்டிலேயே கூட்டம். நாலு பக்கமும் சத்தம். "உங்க மாடியில ஒடைஞ்சிருந்தா சங்கம் செய்யாதா?" என்று யாரோ கேட்டதும் செ. தீர்மான நோட்டைத் திறந்தார்.

முடிவானது: தொட்டியிலிருந்து அவரவர் வீட்டு வால்வு வரை சங்கம். வால்வுக்கு உள்ளே வீட்டுக்காரர். உடைக்கும் சுவரைப் பூசுவதும், அக்கா வீட்டு போர்டை மாற்றுவதும் சங்கம்.

சாவியைக் கொடுத்தேன். பிளம்பர் சுவரை உடைத்தார். இணைப்பு விரிந்திருந்தது, வால்வைத் திறந்து பார்த்தால் தண்ணீர் கொப்புளித்தது. செ.யைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். "பழைய பில்டிங்" என்றார்.

நவம்பர் 19, புதன்

வெயில், ஒருவழியாக. சுவர் பூசியாகிவிட்டது. சமையலறை முழுக்கச் சிமெண்ட். அக்காவுக்குக் கட்டு மாற்ற நானே போனேன். விரலில் உணர்ச்சி இன்னும் முழுதாக வரவில்லை.

சாயங்காலம் செ. தீர்மானத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு எடுத்து வந்தார். படித்தேன். 'உறுப்பினர் திருமதி லதா அவர்களின் வேண்டுகோளை ஏற்று, மனிதாபிமான அடிப்படையில்...'

"இது இன்னா சார்?"

"சும்மா ஒரு பார்மாலிட்டி மேடம். அதுல இன்னா இருக்குது?"

அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மனுஷி செத்திருப்பாள், இவருக்கு மனிதாபிமானமாம். அவர் எதிரிலேயே அந்த வரியை அடித்தேன். 'சங்கத்தின் பொறுப்பு என்பதால்' என்று மேலே எழுதினேன், கொட்டை எழுத்தில். கீழே கையெழுத்து.

"அடிச்சித் திருத்தினா செல்லாதே" என்றார்.

"அப்போ புதுசா அடிச்சிக்கினு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்."