நீ கையால் போட்ட பௌர்ணமிப் பட்டியல்

இன்று காலை ஆபீஸ் சுவரில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் பொடி எழுத்தில் ‘மாலை 6.40 முதல் பௌர்ணமி’ என்று இருந்தது. கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வருஷம் பிறந்தால் பஞ்சாங்கத்தை மடியில் விரித்து, ஒவ்வொரு பௌர்ணமியும் தொடங்கும் நேரம், முடியும் நேரம் என்று கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பாயே, அந்த முதுகு கண்ணுக்குள் வந்துவிட்டது.

செங்கம் ரோட்டு மாடியில் ஒரே அறை. நாம் இரண்டு பேர், நமக்கு மேல் முதலாளி. ஊர் லாட்ஜ்களுக்கெல்லாம் சேர்த்து ரூம் பதிவு செய்கிற வெப்சைட் நம்முடையது. ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து லாட்ஜ்தான். ஆசிரமப் பக்கம் வாடகை அறை வைத்திருப்பவர்களும் வந்து சேர்ந்த பிறகு சைட் பெருத்துத் திணற ஆரம்பித்தது. எதை வைத்துத் திரும்பக் கட்டுவது என்று மாசக்கணக்கில் சண்டை போட்டோம். காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுகூட நாம் அவ்வளவு பேசியதில்லை.

ரெடிமேடாகக் கிடைப்பதையெல்லாம் எடுத்துப் பொருத்தலாம் என்பது என் கட்சி. கொஞ்சமாக இருந்தாலும் நாமே எழுதியதாக, திறந்தால் புரிவதாக இருக்கவேண்டும் என்பது உன் கட்சி.

“எடுத்து மாட்டறது ஈஸிடி. நாளைக்கு அது படுத்துக்கிச்சுன்னா உள்ள கைய வுட்டுப் பாக்கத் தெரியணும்ல?” என்பாய்.

“உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம் ஜாஸ்தி” என்பேன் நான். சீக்கிரம் முடியும் என்று சொன்னதால் முதலாளி என் பக்கம் சாய்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“மத்ததெல்லாம் மாத்திக்க. பௌர்ணமிப் பட்டியல மட்டும் தொடாத” என்று ஒன்றே ஒன்று கேட்டாய். கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு எந்த ராத்திரி ரூம் கொடுப்பது என்று சைட் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். கிரிவலக் கூட்டம் மாசாமாசம் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும். அடி அண்ணாமலையில் பிறந்தவளுக்குத் தெரிந்தது டவுன்காரிக்கு உறைக்கவில்லை. நீ லீவில் இருந்த ஒரு நாள், உன் பட்டியலைத் தூக்கிவிட்டு, எந்த நாட்டிலோ யாரோ எழுதிய ரெடிமேட் காலண்டர் புரோகிராமை மாட்டினேன். உன்னிடம் சொல்லவும் இல்லை.

அந்தக் காலண்டர் நிலா முழுசாகிற நேரத்தைப் பார்த்துத் தேதி சொல்லும். நம் பஞ்சாங்கத்தில் அந்த நேரத்தோடு பௌர்ணமி முடிந்துபோகிறது. அந்த மாசம் செவ்வாய் சாயங்காலம் தொடங்கி, புதன் மத்தியானம் முடிந்தது. நம் சைட் எல்லோருக்கும் புதன் ராத்திரிக்கு ரூம் கொடுத்தது. பெட்டியும் படுக்கையுமாக வந்தவர்களை, ஜனம் சுற்றி முடித்துக் காலியாகிப்போன கிரிவலப் பாதை வரவேற்றது.

போன் மேல் போன். “கொழந்தைக்கு வேண்டிக்கிட்டு வந்தோம்மா. எல்லாம் முடிஞ்சு போச்சுன்றாங்களே” என்று ஒரு பெண் அழுதாள். அந்தப் போனை எடுத்தது நீ.

“பௌர்ணமி வேலை யாரு பாக்கறது?” என்று முதலாளி கத்தினார். அது எப்போதும் உன் வேலை. யார் எந்த வரியை என்றைக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் பெயரோடு பதிவாகியிருக்கும். அதைத் திறந்து காட்ட உனக்கு ஒரு நிமிஷம் போதும். நீ என்னைப் பார்த்தாய். நான் என் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் பாத்திருக்கணும் சார்” என்றாய்.

அந்த வாரமே வேலையை விட்டு நின்றுவிட்டாய். இன்றைக்குப் போன் பண்ணலாம், நாளைக்குப் பண்ணலாம் என்று மூன்று மாசம் ஓட்டினேன். அப்புறம் காய்ச்சல் என்றார்கள். நான் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது நீ சொன்னபடியே ஆகிவிட்டது. அந்தக் காலண்டரில் பௌர்ணமித் தேதியை மட்டும் மாசாமாசம் திருத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன்; எழுதியவர் அதைக் கைவிட்டுவிட்டார். அதை நம்பி நான் மாட்டியவை ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்கின்றன. உள்ளே கையை விட்டுப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. முதலாளிக்கும் அலுத்துப்போய், சைட்டை மூடச் சொல்லிவிட்டார். நாளைக்கு எல்லாவற்றையும் நான்தான் அழிக்கவேண்டும். யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவும் அதோடு போய்விடும். நீ தப்பு பண்ணவில்லை என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

உன் அம்மாவிடமாவது சொல்லிவிடலாம் என்று மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் கூட்டத்துக்காகத் தண்ணீர்க் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“அவ ஏதோ தப்பு பண்ணிட்டா போலகீது. அவளால உனக்கும் கெட்ட பேரு வந்திருக்கும். இல்லாம போனவ, மனசுல வெச்சுக்காதம்மா.”

சொல்லியிருக்கலாம். அந்தக் கை என் கைமேல்தான் இருந்தது.

“பரவால்லம்மா” என்றேன்.

அதைச் சொன்ன வாயோடுதான் இனி இருக்கப்போகிறேன்.