ஐந்தாவது தடவை நீண்ட கை

அன்பு மாமா,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று தள்ளிப்போட்டேன்.

பகலில் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. உங்கள் மகன் காலையில் ஆபீஸ் போனால் திரும்ப எட்டு மணி. மிக்ஸியைப் போட்டால் இப்போது யாரும் எழுந்து வந்து அறைக் கதவைப் படாரென்று சாத்துவதில்லை. அந்தக் கதவுச் சத்தத்துக்காகவே சில நாள் மிக்ஸியைச் சும்மா ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கிறேன். கல்யாணமாகிக் கொரட்டூர் வந்த இந்த ஐந்து வருடத்தில், பகலெல்லாம் நான் பேசியது உங்களோடு மட்டும்தான், தெரியுமா?

நம் குடியிருப்பில் பெரியவர்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? பிசியோதெரபி பெண் ஒரு நாற்காலியைப் போட்டு, “கையைக் கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எழுந்து உட்காருங்க ஐயா. எதையும் பிடிக்கக் கூடாது” என்றாள்.

“ஏம்மா, பிள்ளையாருக்குத் தோப்புக்கரணமா?” என்று எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். நான்கு தடவை எழுந்தீர்கள். ஐந்தாவதில் பாதியிலேயே தொடை நடுங்கியது. அந்தப் பெண் யாரிடமோ பேசத் திரும்பிய நொடியில் என் கை தானாக நீண்டது. உங்கள் பேத்தி யாழினி விழப்போனால் நீளுமே, அதே கை. அதைப் பிடித்து எழுந்தீர்கள். “அஞ்சு ஆச்சு” என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். “பாஸாம்மா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டீர்கள்.

எழ முடியாமல் போவதும் நடை மெதுவாவதும் வெறும் கால் சமாச்சாரம் இல்லை, உள்ளே எதுவோ தளர்வதை உடம்பு முன்கூட்டிக் காட்டுவதாகவும் இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள் என்று அவள் எல்லோருக்கும் சொன்னாள். என் காதிலும் விழத்தான் செய்தது. ஆனால் அன்று யாழினிக்குச் சளி. நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பேத்தியோடு ஏரிப் பக்கம் நடப்பீர்கள். கீரைக்கார அக்கா, “இன்னா தாத்தா, தேரு நிலைக்கு வர ராத்திரி ஆவும் போல கீதே?” என்று சீண்டுவாள். “வடம் பிடிக்கிறது சின்னப் பொண்ணும்மா, அதான்” என்பீர்கள். குழந்தைக்காகத்தான் மெதுவாக நடக்கிறீர்கள் என்று நானும் நம்பினேன். அம்மாவிடம் போனில் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

முகாம் முடிந்து மூன்றாவது மாதம், ஒரு காலையில், குளியலறை வாசலில் விழுந்தீர்கள். இதயம் ரொம்ப நாளாகவே பலவீனமாக இருந்திருக்கிறது என்றார் டாக்டர்.

“நல்லாத்தானே நடந்துட்டு இருந்தாரு? டெஸ்ட்லகூட பாஸ்னு சொன்னியே, காயத்ரி” என்று உங்கள் மகன் இன்றும் கேட்கிறார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

நேற்று யாழினியோடு அதே வழியில் போனேன். டிரான்ஸ்பார்மர் வந்ததும் நின்றுவிட்டாள். “வாடி, நேரமாச்சு” என்று இழுத்தேன்.

“இரும்மா. இங்க தாத்தாக்கு மூச்சு வாங்கும்.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “அச்சச்சோ, அம்மாகிட்ட சொல்லக் கூடாது.”

ஏன் மாமா? நான் பயந்துவிடுவேன் என்றா? என் பயத்தையெல்லாம் குழந்தைக்கே கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். நீங்கள் மறைத்தீர்கள், நான் கை கொடுத்தேன். நடுவில் ஒரு மூன்று வயதுக் குழந்தை மட்டும்தான் நின்று பார்த்திருக்கிறாள்.

இதை வேறு யாரும் படிப்பதற்கு முன்னால் உங்கள் மகனிடம் நானே சொல்லிவிடுவேன். நீங்களாக எழுந்தது நான்கு தடவைதான் என்று. கோபப்படட்டும். பேசாமல்கூட இருக்கட்டும். இனி அந்த டிரான்ஸ்பார்மர் அருகில் யாழினியை இழுக்க மாட்டேன். ‘போகலாம்’ என்று அவள் சொல்லும்வரை நானும் நிற்பேன்.

அஞ்சு ஆச்சு என்று சொன்ன உங்கள் மருமகள்,
காயத்ரி