கடைசிச் சரணம்

அன்புத் தோழிக்கு,

நீ ஒரு திருடி. பேருந்து நிறுத்தத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே நான் உன்னிடம் சொன்னதைப் பாட்டாக்கிப் புகழ் வாங்கிவிட்டாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நலம்தானே? நான் நலம். உண்மையிலேயே நலம், அதற்கும் நீதான் காரணம். அதற்கு நன்றி சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

சட்டைப் பொத்தானை நான் எப்போதும் இரண்டு நேர்க்கோடாகத்தான் தைப்பேன். என் வீட்டுக்காரர் சட்டையில் ஒன்று மட்டும் பெருக்கல் குறியாகத் தைத்திருந்தது. சலவைக் கடையில் தைத்தார்கள் என்றார். "ஒரு பொத்தானுக்கா இவ்வளவு சந்தேகம், உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றார் மாமியார். ஆறு மாதத்தில் நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பெருக்கல் குறிப் பொத்தானை வைத்து உன் பாட்டு வந்தது. வீட்டுக்காரர் அதை முடி திருத்தும் கடையில் கேட்டுவிட்டுப் பாதி மீசையோடு வந்தார். "என் சங்கதிய ஊருக்கே பாடிட்டியா? அவ தைச்சது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினார். அவரே சொல்லி மாட்டிக்கொண்டார். மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பைத்தியம் இல்லை என்று தெரிந்த அந்த நிமிடத்தை நீ கொடுத்தாய். மறுநாளே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது நான் வேலை செய்யும் தையல் கூடத்துப் பெண்கள் இரண்டு பேரோடு ஓர் அறையில் இருக்கிறேன். நிம்மதியாகத் தூங்குகிறேன்.

கூடத்தில் தினமும் மதியம் உன் பாட்டுதான். நாற்பது தையல் மெஷின் சத்தத்தையும் மீறி எல்லோரும் பாடுகிறார்கள். பெண் தப்புச் செய்தால் அவளைத் திட்டும் பாட்டுக்கு ஊரே ஆடுகிறது. ஆண் செய்ததை நீ ஒருத்திதான் பாடினாய். பெருமையாக இருக்கிறது.

ஆனால் கடைசிச் சரணத்தில் அவள் அவனை மன்னித்துச் சோறு போட்டுக் காத்திருக்கிறாள். குடும்பம் சேர்ந்தால்தான் பாட்டு விற்கும் என்று பாட்டுக் கம்பெனியில் சொன்னார்களாம், நீயே பேட்டியில் சொன்னாய். நான் யாருக்கும் சோறு போடவில்லை.

இஸ்திரி மேஜை அக்காவை உனக்குத் தெரியாது. அவள் புருஷனுக்கும் இன்னொரு வீடு இருக்கிறது. அதைக் கேட்டதற்குப் போன மாதம் கையை முறுக்கினான். வீங்கிய கையோடுதான் இஸ்திரி போட்டாள். நான்கு வாரமாக எங்கள் அறையில் இருந்தவள் சனிக்கிழமை திரும்பிப் போகிறாளாம். "பாட்டுல வர்றவளே மன்னிச்சிட்டா, எனக்கு மட்டும் என்னடி கிரீடமா வச்சிருக்கு?" என்கிறாள். அந்தப் பாட்டே என் கதைதான் அக்கா, நான் மன்னிக்கவில்லை என்றேன். "போடி, நீ அவ்வளவு பெரிய ஆளா?" என்று சிரித்தாள். நான் சொன்னால் நம்பமாட்டாள். நீ பாடினால் நம்புவாள்.

வெள்ளிக்கிழமை மேடையில் பாடப்போகிறாய். கூடத்தில் நேரலையில் போடுவார்கள். அவள் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் குரல் நூறு வருஷம் நிற்க வேண்டும். முன்பு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. இதற்கும் போட வேண்டாம். அவள் பையோடு வெளியே போனாள் என்று பாடு. அந்த ஒரு வரியை மாற்று.

நன்றியுடன்,
உன் தோழி