பத்துக்கு ஐந்துதான் கொடுப்பேன்

பாயான் பாரு,
பினாங்கு.
12.6.1988

அன்பு மகள் அருந்ததிக்கு அப்பா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் லீட்ஸில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று அம்மாவுக்கு நீ எழுதிய கடிதங்களிலிருந்து தெரிந்துகொள்கிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்கு நெஞ்சு படபடத்திருக்கும். பயப்படாதே பிள்ளை, இது பிப்ரவரியில் நான் எழுதியது போன்ற கடிதம் இல்லை. தேநீர் ஏதாவது வைத்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்து படி, கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஏப்ரலில் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்ததை அம்மா எழுதியிருப்பாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் ஆறு வாரம் படிக்கக் கூடாது, குனியக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் கட்டளை போட்டுவிட்டார். முப்பத்தொரு வருஷம் துறைமுக அலுவலகத்தில் காகிதத்தைப் பார்த்தே காலம் தள்ளினவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். காலையில் பத்திரிகை வந்து விழும் சத்தம் கேட்கும், எடுத்துப் பிரிக்க முடியாது. உன் அண்ணன் செபராங் ஜெயாவிலிருந்து பாலம் கடந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், பிள்ளைகள் ஓடி விளையாடி என் கண்ணில் இடித்துவிடுவார்களோ என்று அண்ணி அவர்களைச் சமையலறையிலேயே பிடித்து வைத்திருப்பாள். மற்ற நாளெல்லாம் நான் நாற்காலியில் கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்டு சும்மா கிடந்தேன். வானொலியைப் போட்டால் போட்ட தேவாரத்தையே போடுகிறான், நடுவில் விளம்பரம். இரண்டாவது வாரம் என் முணுமுணுப்புத் தாங்க முடியாமல் அம்மா உன் அறைக்குப் போய், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்து வந்து, "இந்தாங்க, பிள்ளையோட கேசட். கேட்டா கேளுங்க, இல்லாட்டி சும்மா இருங்க" என்று பிளேயரில் ஒன்றைப் போட்டுவிட்டுத் துணி காயப் போடப் போய்விட்டாள். எழுந்து நிறுத்தலாம் என்று பார்த்தேன். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. அதனால் கேட்டேன்.

அது மேவிஸ் ஹார்டிங் என்ற பெண் பாடின 'செகண்ட் ஃப்ளோர்'. முதல் தடவை ஒன்றும் புரியவில்லை, இந்தப் பெண் ஏன் வாய் திறந்து பாடமாட்டேன் என்கிறாள் என்று எரிச்சல்தான் வந்தது. அம்மா பெட்டியில் இருந்த உன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அந்த ஆல்பத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். அம்மா ஆங்கிலம் படிப்பது உனக்குத் தெரியும், முற்றுப்புள்ளி காற்புள்ளி எதற்கும் நிற்கமாட்டாள். பக்கத்து அறையில் யாரோ நோயாளி தூங்குவதுபோல இவள் பாடுகிறாள், அந்த நோயாளி யார் என்று கடைசிப் பாட்டுவரை சொல்வதில்லை என்று நீ எழுதியிருந்தாய். திரும்பப் போடச் சொன்னேன். நான்காவது பாட்டில், கடைசி அடிக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்கிறது, கவனித்திருக்கிறாயா? நீ அதை எழுதவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டதால் எனக்குக் கேட்டது என்று நினைக்கிறேன். பாடகி மூச்சு வாங்குவதை வெட்டி எறியாமல் விட்டானே, அந்த ரிக்கார்டிங்காரன் கெட்டிக்காரன்.

அன்றையிலிருந்து தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, மாலையில் ஒன்று. முதலில் பாட்டு, பிறகு நீ எழுதியது, பிறகு மறுபடி பாட்டு. எல்லாவற்றிலும் உன்னோடு ஒத்துப்போனேன் என்று நினைக்காதே. அந்த 'ஃபெர்ன் அவென்யூ' பையன்கள் இரண்டு பேருக்கும் நீ பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறாய். நான் ஐந்துதான் கொடுப்பேன். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன், அந்த இயந்திர டிரம் ஒரு இடத்தில்கூடப் பாடுகிறவனுக்காக ஒரு இம்மி பொறுப்பதில்லை, அவன் அழுதாலும் அதே அடி சிரித்தாலும் அதே அடி. அந்த இரக்கமில்லாமைதான் பாட்டின் விஷயமே என்று நீ வாதாடியிருக்கிறாய். சாமர்த்தியமான வாதம்தான், வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம், ஆனால் காது சம்மதிக்கவில்லை. கடைசிப் பாட்டில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பியானோ மட்டும் வைத்துப் பாடுகிறார்களே, அதற்கு மட்டும் எட்டு தருகிறேன். கோலாலம்பூர்ப் பையன்களின் 'செலாட்' குழு போட்ட ஆல்பத்தை நீ கொஞ்சம் அவசரப்பட்டுத் தள்ளிவிட்டாய். முதல் பக்கம் வெள்ளைக்காரனைப் பார்த்துச் செய்தது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது பக்கத்தில் பேசும் மலாய் ஏட்டு மலாய் இல்லை, ஃபெரியில் வேலை செய்கிறவன் பேசும் மலாய். அந்த மனிதர்களோடு வேலை பார்த்தவன் நான், எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது, மீன் கழுவும்போதெல்லாம் அதைத்தான் முணுமுணுக்கிறாள்.

இதற்கு நடுவில் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா உன் நோட்டிலிருந்து ஒரு வரி படித்தாள், எனக்கு அது எங்கேயோ கேட்ட வரியாக இருந்தது. யோசித்தேன், பிடிபட்டது. நம் ஆங்கிலப் பத்திரிகையில் சனிக்கிழமை இளைஞர் பக்கத்தில் முன்பு 'சைட் பி' என்ற பெயரில் ஒரு பையன் எழுதுவானே, நான்கூட உனக்கு வாசித்துக் காட்டுவேனே, அவன் எழுதின வரி. "பார்த்தியா யோகம், அந்தப் பையன் எழுதினதை உன் மக அப்படியே காப்பி அடிச்சு வச்சிருக்கா" என்று சொன்னேன். அம்மா இருமினாள், பக்கத்தைத் திருப்பினாள்.

ஐந்தாவது வாரம் பிளேயர் மேவிஸ் ஹார்டிங்கை விழுங்கிவிட்டது. அம்மா பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், நாடா அறுந்துபோய்விட்டது. அவளுக்குப் பயம், உன்னிடம் என்ன சொல்வது என்று. எனக்கு அந்த நான்காவது பாட்டு இல்லாமல் ஒரு மாதிரி இருந்தது. டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்ன முதல் நாளே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சூலியா தெருவுக்குப் போனேன். அங்கே மீரா சாகிப் என்பவர் வைத்திருக்கும் கேசட் கடை உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. பஸ்ஸில் வரும்வரை நாக்கில் இருந்த பாடகி பெயர் கடை வாசலில் போய்விட்டது. மேரி என்றேன், ஹார்ட்டன் என்றேன். கல்லாவில் அவர் மகள் நூர்ஜான் இருந்தாள், பொறுமையான பெண். "பாட்டு தெரிஞ்சா கொஞ்சம் பாடிக் காட்டுங்க அங்கிள்" என்றாள். கடையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். நான் கறுப்புக் கண்ணாடியும் குடையுமாக நின்று அந்தப் பாட்டை முனகினேன். இரண்டு அடிதான், அவள் உடனே எடுத்து வைத்துவிட்டாள். "யாருக்கு அங்கிள், பேரப் பிள்ளைக்கா?" என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "நல்ல கேசட் லா அங்கிள். இது வந்தப்ப யாரும் தொடல. சைட் பி எழுதின பிறகு ஒரே வாரத்துல காலி" என்று சொல்லி, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினாள். மூன்று வருஷத்துக் கட்டுரைகள், ஒன்று விடாமல் வெட்டி ஒட்டியிருந்தது. நானும் பெரிய மனுஷத்தனமாக, "அந்தப் பையன் எழுத்தை நான் ஒரு வாரம்கூட விட்டதில்லை" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "பையனா? பொம்பளைப் பிள்ளை அங்கிள் அது! சனிக்கிழமை டியூஷன் முடிஞ்சு நேரா இங்கதான் வரும், அதோ அந்த ஸ்டூல்ல உக்காந்து ஹெட்போன் மாட்டிக்கும். அருந்ததின்னு பேரு, இப்ப இங்கிலாந்துல படிச்சு வேலை பாக்குது. அவங்க அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காதாம், அதான் சொந்தப் பேரு போடல" என்றாள்.

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மீரா சாகிப் உள்ளேயிருந்து வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஃபைலை மடியில் வைத்துப் படித்தேன். படிக்கக் கூடாத கண்ணால் அரை மணி நேரம் படித்தேன், டாக்டரிடம் சொல்லிவிடாதே. கிளம்பும்போதுதான், அந்த அப்பா நான்தான் என்று சொன்னேன். நூர்ஜான் வாயைப் பொத்திக்கொண்டாள், பாவம். மீரா சாகிப் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, உங்க மக நல்லா இல்லைன்னு எழுதினா நான் அடுத்த ஆர்டர் போட மாட்டேன். கம்பெனிக்காரன் சொல்றத விட அந்தப் பிள்ளை சொல்றதுலதான் எனக்கு நம்பிக்கை" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான். மூன்று வருஷம் என்னை உட்கார வைத்து ஏமாற்றியிருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டால், "கவர்ல ஸ்டாம்ப் ஒட்டினதே நான்தான். நீங்க அந்தப் பையன் எழுத்த அவ்வளவு ஆசையா வாசிச்சீங்க, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டேன்" என்கிறாள், அரிசி களைந்துகொண்டே. பிறகு ஒரு சனிக்கிழமை ஞாபகம் வந்தது. நான் சைட் பி எழுதியதை உரக்க வாசித்து, ஒரு வாக்கியத்தை எப்படித் தொடங்கி எப்படி முடித்திருக்கிறான் பார், உனக்கு இப்படி எழுத வருமா என்று கேட்டேன். நீ "வராதுப்பா" என்று சொல்லிவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு போனாய். அருந்ததி, அன்று நீ எப்படி அந்தத் தட்டைக் கீழே போடாமல் கொண்டுபோனாய் என்று இந்தப் பதினைந்து நாளாக யோசிக்கிறேன். எனக்குத் தூக்கம் சரியில்லை.

ஜனவரியில் நீ, கணக்கு ஆபீஸ் வேலையை விட்டு இசைப் பத்திரிகையில் சேர நினைக்கிறேன், உங்கள் அபிப்பிராயம் வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டாய். இரைச்சலைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவளுக்கு நான் எழுத ஒன்றுமில்லை என்று இரண்டே வரியில் பதில் போட்டேன். ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்காமல் எழுதினேன். அது தப்பு. அப்பா எழுதியது என்று அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடு. அந்தப் பத்திரிகைக்காரர்கள் உனக்காக ஜூலைக் கடைசிவரை இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள், நீ இன்னும் பதில் சொல்லவில்லை என்று அம்மா சொன்னாள். எனக்காகத்தான் காத்திருக்கிறாய் என்று அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரிகிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சரி என்று எழுதிப் போடு. கணக்குப் பரீட்சைச் சான்றிதழ்களை மட்டும் நனையாமல் வை, பெற்றவன் என்றால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எதையும் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதாதே. பாடுகிறவர்கள் சின்னப் பிள்ளைகள், நல்லா இல்லை என்று சொல்ல வேண்டி வந்தாலும் அவர்கள் வீட்டில் ஒரு அப்பா அதைப் படிப்பார் என்று நினைத்துச் சொல். கட்டுரைக்கு மேல் உன் முழுப் பெயரைப் போடச் சொல், அருந்ததி விநாசித்தம்பி என்று. அவர்களுக்கு வாயில் நுழையாவிட்டால் பழகிக்கொள்ளட்டும்.

வேறு விசேஷம், அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. ஆனி மாதப் பூசைக்குக் கோயிலில் இந்த வருஷம் நாமும் ஒரு நாள் எடுத்திருக்கிறோம், உன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்யச் சொல்லியிருக்கிறேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவனுக்கும் முன்பே தெரியுமாம். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது போல. எல்லாம் வல்ல இறைவன் உனக்குத் தீர்க்காயுசும் நல்ல புத்தியும் கூர்மையான காதும் தந்து காப்பாற்றுவான். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாய் அல்லவா, மறந்துவிடாதே. மணி அடித்தால் வழக்கமாக நான்தான் எடுத்து, சுகமா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை அம்மாவை வெளியே உட்காரச் சொல்லியிருக்கிறேன். ஃபெர்ன் அவென்யூவுக்கு எதற்கு ஒன்பது என்று நீ எனக்கு வாயால் விளக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் எழுத்தை உனக்கே வாசித்துக் காட்டிய அப்பா,
க. விநாசித்தம்பி