சம்பந்தமில்லாத அழைப்புகள்

அன்புள்ள டெல்லா,

சிகாகோவில் இன்னும் பனி விடவில்லை. அரசுத் தரப்பில் நான் நடத்திய வழக்கு ஜெயித்துவிட்டது. சோளச் சந்தையில் வாங்குவதுபோல் பொய் ஆர்டர் போட்டு, விலை ஏறியதும் தன் சரக்கை விற்றுவிட்டு ஆர்டரை ரத்து செய்துவந்த கோவாக் என்ற தரகனுக்கு, சந்தையில் வியாபாரம் செய்ய ஆயுள் முழுக்கத் தடை. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எனக்கு இறங்கவில்லை.

சந்தைத் தரகர்களின் மேசைத் தொலைபேசியில் எல்லாமே பதிவாகும். இரண்டு வருடம் அவன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தினமும் மதியம், வியாபாரம் சூடாக நடக்கும்போது, பள்ளியிலிருந்து அவன் மகள் கூப்பிடுவாள்.

"அப்பா, இன்னிக்கும் அதே ரப்பர் பீட்சாதான்."

"தூக்கிப் போட்டுட்டு ஆப்பிளைத் தின்னு, கழுதை."

வழக்குக்கு உதவாத பேச்சு. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சம்பந்தமில்லை' என்று குறித்தேன். இறுதி வாதத்தில், இவர் சொல்லில் ஒன்றைக்கூட நம்ப முடியாது என்றேன்.

தீர்ப்பு வந்ததும் நீதிமன்ற வராந்தாவில் அந்தப் பெண் என்னை மறித்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாளாம்.

"எங்க போனையெல்லாம் ஒட்டுக் கேட்டது நீங்கதானே? நான் கூப்பிட்டு எங்கப்பா எடுக்காம விட்டது ஒண்ணாவது உண்டா? சொல்லுங்க."

ஒன்றுகூட இல்லை. ஆனால் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன்.

ரயிலில் என் போனைத் திறந்து உன் பெயரைத் தேடினேன். நீ கடைசியாகக் கூப்பிட்டது போன மார்ச்சில். அதுவும் அதற்கு முந்தையவையும், நான் எடுக்காதவை என்று சிவப்பில் வரிசையாக நிற்கின்றன.

உன்னைக் கூப்பிடத்தான் நினைத்தேன். நீயும் எடுக்காமல் போய்விடுவாயோ என்ற பயத்தில் எழுதுகிறேன்.

அம்மா