உன் இடது கைக்கு நான் கற்ற நடை

இன்று காலை பேஸ் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தபோது தடித்த கம்பியில் துரு ஏறியிருந்தது. துணியால் துடைத்தேன். விரலில் ஒட்டிய இரும்பு வாடை குளித்த பிறகும் போகவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டும் என் கடையில் வார்னிஷ் வாடைக்கு நடுவே உட்கார்ந்தும் அதுதான் மூக்கில் நின்றது. அதனால் உனக்கு எழுதுகிறேன். அனுப்ப முகவரி இல்லை என்று தெரியும். வேறு யாரிடம் இதைச் சொல்ல?

அன்றைக்கு அடுப்படியில் உன் கையிலிருந்து டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்த நீ எழவில்லை. பக்கவாதம் என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது பேச்சு முழுதாக இருந்தது, காலும் தேறியிருந்தது. இடது கை மட்டும் மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. உன்னிடம் கீபோர்டு கற்க வந்த பிள்ளைகளை, பரீட்சை முடியட்டும் மிஸ் என்று சொல்லி ஒவ்வொருவராகப் பெற்றவர்கள் நிறுத்தினார்கள். பரீட்சை முடிந்தது, யாரும் வரவில்லை. சர்ச் கீபோர்டிலும் உன் இடத்தில் ஒரு வாலிபன் உட்கார்ந்தான். நீ கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாய். அது உள்ளே வாசித்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தால் கட்டில்மேல் இந்த பேஸ் கிட்டார். பாடகர் குழுவில் இதை வாசித்தவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து சர்ச் அலமாரியில் கிடந்தது. நீ சொல்லி அனுப்பி வரவழைத்திருந்தாய்.

“யாருக்கு இது?” என்றேன்.

“உங்களுக்குத்தான். எனக்கு ஒரு இடது கை வேணும்.”

“பாட்டுன்னா கேக்கத்தான் தெரியும் எனக்கு. விளையாடுறியா?”

“மோட்டாருக்கு காயில் கட்டுற கைதான? கம்பி உங்களுக்குப் பழக்கம்தான. செத்த நேரம் உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அன்று சோறு ஆறிப்போனது.

பழைய கீர்த்தனைகளை நீ உன் போக்கில், கொஞ்சம் ஊஞ்சலாடுகிற மாதிரி வாசிப்பாய். கீழே இடது கை ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்கும். அந்த நடையைத்தான் நான் கற்க வேண்டியிருந்தது. எனக்கோ கார்டு என்கிற ஒவ்வொரு சுரக்கூட்டுக்கும் அதன் அடிச்சுரம், நீங்கள் எல்லாரும் ரூட் என்று சொல்வது, அது மட்டும்தான் பிடிபட்டது. அதையே திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருப்பேன்.

“ரூட்லயே குத்தவெச்சு உக்காந்துட்டீங்க. எந்திரிச்சு நடங்க” என்பாய்.

எப்படி நடப்பது என்று சொல்லித் தந்தாய். ஒவ்வொரு கார்டும் ஒரு வீடு. முதல் தட்டில் சி. அப்புறம் அதே வீட்டுக்குள் ஈ, ஜி என்று ஒரு சுற்று. நாலாவது தட்டு மட்டும் அடுத்த வீட்டுக்கானது. எஃப் வரப்போகிறதென்றால் அதற்கு ஒட்டின சுரத்தில் கால் வைக்க வேண்டும். “அது வாசப்படி. அங்க நிக்கும்போதே எங்க போறம்னு கேக்குறவுகளுக்குத் தெரிஞ்சிரணும்” என்றாய். தலைக்கு ஏறியது, கைக்கு இறங்கவில்லை. விரல் நுனி கொப்பளித்து உடைந்தது. கடையில் செம்புக் கம்பி அதன்மேல் பட்டால் உயிர் போகும். நடை மட்டும் வரவில்லை. வாசற்படியில் தடுக்கி விழுவேன், நீ ஏற்கெனவே அடுத்த வீட்டுக்குள் போயிருப்பாய்.

ஒரு நாள் நீ பாதியில் நிறுத்திவிட்டாய். கோபம் என்று நினைத்தேன். வலது கையால் இடது கையைத் தூக்கிக் கீபோர்டுக் கட்டைகள்மேல் வைத்துவிட்டு, “இம்புட்டு வருசமா இதுக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்கங்க போச்சு?” என்றாய். அந்தக் கை கட்டைகள்மேல் கிடந்ததில் கூடாத சத்தம் ஒன்று வந்துகொண்டே இருந்தது. நான்தான் ஸ்விட்சை அணைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வழி கிடைத்தது. கார்டு மாறுவதற்குச் சற்று முன்னால் உன் வலது தோள் லேசாக ஏறும். அதைப் பார்த்துக்கொண்டால் போதும், வாசற்படியில் சரியாகக் கால் வைத்துவிடலாம். நீ கண்டுபிடித்துவிட்டாய்.

“பாட்டைக் கேளுங்க, என்னயப் பாக்காதீங்க. நான் தும்முனாலும் கார்டை மாத்திருவீக போல.”

சிரித்தோம். நான் பார்ப்பதை நிறுத்தவில்லை.

மழை பெய்த ஒரு ஞாயிறு மதியம் ஒரு கீர்த்தனையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடித்தோம். எங்கும் தடுக்கவில்லை. உன் வலது கை மேலே பாட, நான் கீழே நடந்தேன். கடைசிச் சுரம் அடங்குகிறவரை நீ திரும்பவில்லை. அப்புறம் திரும்பி, “இப்பத்தான் எனக்கு ரெண்டு கையும் இருக்கு” என்றாய். அறுப்பின் பண்டிகைக்கு அதையே சர்ச்சில் வாசிக்கலாம் என்று சபைப் போதகர் ஐயரிடம் போனில் கேட்டாய். அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். என்ன சேலை என்பதுவரை முடிவு செய்திருந்தாய்.

அந்தப் பண்டிகை வருவதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டோம்.

பண்டிகை நடந்தது. வடமதுரைப் பக்கத்து வயல்காரர்கள் பூசணியும் கத்தரிக்காயும் வாழைத்தாருமாகக் கொண்டுவந்து பீடத்தின் முன் அடுக்கியிருந்தார்கள். உனக்காக நான் வாசிக்க வேண்டும் என்று ஐயர் கேட்டார். எனக்கும் வாசிக்க வேண்டும்போலத்தான் இருந்தது. அந்த வாலிபன் நல்லவன், நம் வேகத்திலேயே எடுத்தான். முதல் அடி சரியாக வந்தது. அதன் பிறகு நான் நிமிர்ந்து அவன் தோளைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. அவன் தலையைத்தான் ஆட்டுகிறவன், அதுவும் எல்லாத் தட்டுக்கும். எங்கே மாறுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. காது எனக்குப் பழகியிருக்கவே இல்லை. உன்னை மட்டும்தான் பழகியிருந்தேன். சபையார் பாடிக்கொண்டே போனார்கள், நான் தவறான வீடுகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தேன்.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால் அவன் என் பக்கம் சாய்ந்து, மரியாதையாகத்தான் சொன்னான்: “அங்கிள், சும்மா ரூட் மட்டும் புடிங்க. போதும்.”

பிடித்தேன். பாட்டு முடிகிறவரை அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் ஒருவர் என் கையைப் பற்றி, “நல்லா இருந்துச்சுண்ணே, அக்கா கேட்டிருக்கும்” என்றார். நீ கேட்டிருக்கக் கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன்.

நாளாக நாளாகச் சரியாகும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் சரியாகவில்லை. விரலில் இருந்த காய்ப்பு உரிந்துபோய்த் தோல் மறுபடி மெத்தென்று ஆகிவிட்டது. வீட்டில் தனியாக மீட்டினால் சி, ஈ, ஜி வரை வருகிறது. மேலே பாட்டு இல்லாமல் கீழே மட்டும் நடக்கும் அந்தச் சத்தம், யாரோ பூட்டிய வீட்டுக்குள் உலாத்துவதுபோல இருக்கிறது. நிறுத்திவிடுகிறேன். போன வாரம் அந்த வாலிபனே வந்து, கேட்டுப் பழகலாம் அங்கிள், நான் சொல்லித் தாரேன் என்றான். வேண்டாம்ப்பா என்று அனுப்பிவிட்டேன். உன் தோள் இல்லாத ஒரு பாட்டைக் கற்று நான் என்ன செய்ய?

ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. இரண்டாவது முறை வாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்குப் பேச்சும் போய்விட்டது. டாக்டர், நினைவு இல்லை, கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். நான் கட்டிலருகில் கையை நீட்டி வைத்திருந்தேன். சாயந்தரம் காபி கொண்டுவருகிறவர்கள் வந்து போன பிறகு உன் வலது கை நகர்ந்து என் கைமேல், முழங்கைக்குச் சற்றுக் கீழே வந்தது. விரல்கள் அழுத்தின. ஒன்று, அப்புறம் ஒன்று, சீராக, அவசரமில்லாமல். நடைதான் அது. எனக்குச் சந்தேகமே இல்லை. நாலாவது விரல், அந்த வாசற்படி, கொஞ்சம் அழுத்தமாகப் பதிந்தது. அத்தோடு கை ஓய்ந்துவிட்டது.

எந்தக் கார்டுக்குப் போகச் சொன்னாய்? அந்த இடத்தைத் தொட்டால் இப்போதும் அந்த அழுத்தம் தெரிகிறது. எங்கே போக என்றுதான் தெரியவில்லை.