குளக்கட்டில் ஒரு டவர்

அன்புள்ள அம்மா,

நீங்களும் அப்பாவும் சுகமா? அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? கொழும்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சாப்பாட்டில் உறைப்புத்தான் போதாது. இந்த மழைக்குள் நீங்கள் சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கல்லூரியில் ஒரு வேடிக்கை நடந்தது. அவரவர் ஊர் வரைபடத்தில் போன் டவர் எங்கே வரவேண்டும் என்று குறிக்கச் சொன்னார்கள். நான் எங்கள் குளக்கட்டிலேயே குறித்தேன்.

“ஏன் பிள்ளை அங்க?” என்று சேர் கேட்டார்.

“ஆக்கள் அங்க நிண்டுதானே கதைக்கிறவை, சேர்.”

“வீட்டில சிக்னல் இல்லாமத்தானே அங்க போகினம்? வீட்டில இருந்து கதைக்க வேண்டாமோ?”

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டிலிருந்தே கதைக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவேயில்லை? கல்லூரிக்கு வந்து வேலைக்கு ஆள் எடுக்கும் போன் கொம்பனிக்காரருக்கு இதே படத்தைத்தான் நான் விளக்கவேண்டும்.

முள்ளியவளையிலிருந்து இங்கே வரும் பஸ்ஸில் கொஞ்சம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கோ. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

வகுப்பு முடிந்து வந்து மிச்சத்தை எழுதுகிறேன். டவரை எங்கள் வீட்டுப் பக்கம் நகர்த்திவிட்டேன். படத்தில் இப்போது நீங்கள் குசினியில் சமைத்தபடியே கதைக்கலாம். மழை விட்டதும் என்னோடு கதைக்க ஒருக்கால் குளக்கட்டில் ஏறுங்கோ அம்மா.

உங்கள்
தேனுகா